ஒற்றை ஆள் சுமை

ஒவ்வொரு ஞாயிறும் முதல் மாடித் திருப்பத்தில் ஜாக்கி ஒருமுறை நிற்பான். மூச்சு வாங்க நிற்கிறான் என்று நினைத்துவிடக் கூடாது. முதுகில் இருக்கும் மகளைச் சற்று மேலே தள்ளிக்கொள்ள நிற்கிறான், அவ்வளவுதான். யாராவது கை நீட்டினால், "நகருங்க, வழி விடுங்க" என்பான். எங்கள் சபை கூடுவது டைல்ஸ் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. மகளுக்குப் பதினாலு வயது. பிறந்ததிலிருந்தே கால்களில் தெம்பில்லை. அவளுடைய சக்கர நாற்காலியைக் கடை ஷட்டர் ஓரமாக மடித்து வைத்துவிட்டு ஐம்பத்து நாலு படி தூக்கிக்கொண்டு ஏறுவான். மேலே போய்ச் சேரும்போது முகத்தில் பரிசு வாங்கியவனின் களை இருக்கும். அந்தக் களையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஜாக்கி என்பது நாங்கள் வைத்த பெயர். காரைத் தூக்குமே, அந்த ஜாக்கி. வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது அவன் தொழில். வண்டி ஓட்டுவது என் தொழில். பன்னிரண்டு வருடமாக ஒரே வண்டி. பீரோவைப் பார்த்த மாத்திரத்தில் அது வாசலில் நுழையுமா, கதவைக் கழற்ற வேண்டுமா என்று சொல்லிவிடுவான். கண்ணாடிக்குப் பழைய போர்வை, மூலைக்கு அட்டை, ஃபிரிட்ஜுக்குப் பெல்ட். படியில் கீழே நிற்பவன் சொன்னால்தான் மேலே இருப்பவன் அடி எடுத்து வைக்க வேண்டும். புதிதாக வந்த ஒருவன் வீரம் காட்டி வாஷிங் மெஷினைத் தனியாகத் தூக்கப் போனபோது காலரைப் பிடித்து நிறுத்தினான். "ஒத்தையாத் தூக்குறவன் பொருளையும் ஒடைப்பான், இடுப்பையும் ஒடைச்சுக்குவான். ஆளக் கூப்பிடு." இந்த ஞானமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை எங்கே போய்த் தொலைகிறதோ தெரியவில்லை.

போன வருடம் டாக்டர் படம் எடுத்துக் காட்டி, இடுப்பில் தட்டு விலகியிருக்கிறது, பத்து கிலோவுக்கு மேல் தூக்கவே கூடாது என்றார். "அந்த டாக்டருக்குப் பொண்ணு இருக்கா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தான். மனைவி இரண்டு வாரம் பேசாமல் இருந்து பார்த்தாள். அந்த இரண்டு வாரமும் அவன் பாட்டுக்குப் பாமாலை முணுமுணுத்துக்கொண்டு பாத்திரம் கழுவினான்.

ஜெப விண்ணப்பம் கேட்கும் நேரத்தில் ஒருவர் வேலைக்காகக் கேட்பார், ஒருவர் வீட்டுச் சமாதானத்துக்காகக் கேட்பார். ஜாக்கி வருடக்கணக்காகக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "எனக்குப் பெலன் வேணும்." காதுக்குப் பக்தியாகத்தான் இருக்கும். ஆனால், ஆண்டவரே, நீர் தூக்கும் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. தன் தோளுக்குச் சத்து கேட்கிறான். பாஸ்டர் ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து, "அவர நம்பி ஒப்புக்குடுங்க. நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்?" என்றார். "நீங்க ஜெபம் பண்ணுங்க பாஸ்டர். தூக்குறத நான் பாத்துக்கறேன்" என்றான். பாஸ்டர் சிரித்துவைத்தார். எனக்கு நாலு அறை விடலாம் போலிருந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. குழந்தை ஒரு வயதாகியும் நிற்காதபோது, அவர்கள் அப்போது போய்க்கொண்டிருந்த சபையின் மூப்பர் ஒருவர், "தகப்பனுக்கு விசுவாசம் பத்தல" என்று பத்துப் பேர் நடுவில் சொன்னாராம். அந்த மூப்பர் என் கையில் கிடைத்தால் அவருக்கும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன். அன்றைக்கு மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவன், பிறகு வேறு யார் கையிலும் கொடுக்கவே இல்லை.

ஆனால் பெண் வளர்ந்துவிட்டாள். ஒருநாள் வண்டியில் முன்னால் உட்கார்ந்து வந்தவள் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "மாமா, முதுகுல போனா எல்லாரும் என் காலத்தான் பாக்குறாங்க. நாற்காலியோட தூக்குனா மூஞ்சியப் பாப்பாங்க. எத்தன தடவ சொல்லிட்டேன், அப்பாவுக்குக் காதுலயே விழல. நான் என்ன சாமானா? இனிமே சர்ச்சுக்கே வர மாட்டேன். எனக்கு அப்பா மேலயும் கோவம், ஆண்டவர் மேலயும் கோவம்." இதை அப்படியே அவனிடம் சொன்னேன். அந்த வாரம் முழுக்க வண்டிக் கதவுதான் அடி வாங்கியது.

மகள் சொன்னபடி செய்கிறவள். போன ஞாயிறு அம்மா கெஞ்சியதால், இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவனுடைய வலது முழங்கால் மடங்கியது. அப்படியே மண்டி போட்டு விழுந்தான். மகளை விடவில்லை; ஆனால் அவள் முகம் கைப்பிடிக் கம்பியில் மோதி உதடு கிழிந்தது. நாங்கள் நாலைந்து பேர் ஓடினோம். ஒரு கையைத் தரையில் ஊன்றி, "யாரும் தொடாதீங்க. எம்புள்ள. எந்திரிச்சிருவேன்" என்றான். இரண்டு முறை முயன்றான். முடியவில்லை. அவன் காலரில் அவளுடைய ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது, அப்போதும் அவன் எங்களைத்தான் முறைத்தான். மனுஷனா நீ என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"அப்பா, எறக்கி விடுங்க."

"ஒண்ணுமில்லம்மா, இன்னும் பதினெட்டுப் படிதான்."

"நடக்க முடியாதவன நாலு பேரு தூக்கிட்டு வந்து, கூரையப் பிரிச்சு இயேசுகிட்ட எறக்குனாங்கல்ல?" அவள் குரல் உயரவில்லை. "அவனுக்கும் ஒரு அப்பா இருந்திருப்பாருப்பா. அவரு விட்டுக் குடுத்திருக்காரு."

மூன்று பாஸ்டர்கள் சேர்ந்து சொன்னாலும் ஏறாதது அவனுக்கு ஏறியிருக்க வேண்டும். மகளின் கால்களைச் சுற்றிப் பிடித்திருந்த கை மெதுவாகத் தளர்ந்தது. அவளைப் படியில் உட்கார வைத்தோம். நான் கீழே ஓடிப்போய் நாற்காலியைக் கொண்டுவந்தேன்.

நாலு பேர் பிடித்தோம். அப்படி ஏற்றும்போது நாற்காலியின் முதுகுதான் முதலில் போக வேண்டும் என்பதால் அவள் முகம் கீழ்ப்பக்கம், அப்பாவைப் பார்த்தபடி இருந்தது. அவன் நொண்டிக்கொண்டே பின்னால் வந்தான். அவன் உள்ளங்கைகள் இரண்டும் நாற்காலிக்கு அடியில், தொட்டும் தொடாமலும் கூடவே வந்தன.

"கைய எடுங்கப்பா" என்றாள்.

எடுத்தான். எடுத்த கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒரு படி நின்றான். பிறகு அவற்றை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை மற்றொன்றால் இறுகப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தை மட்டும் பார்த்தபடி ஏறி வந்தான்.