நான்கு வரியில் ஒரு தம்பி

வரி விளம்பரம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள அகராதியைப் புரட்ட வேண்டாம். எங்கள் பத்திரிகை அலுவலகத்தின் கீழ்த்தளத்துக்கு வந்து கவுண்டர் முன்னால் பத்து நிமிடம் நின்றால் போதும். கட்டம் போட்டு, படம் வைத்து வருவதெல்லாம் பெரிய கடைக்காரர்களுடைய விளம்பரம். அதை அங்குல அளவில் அளப்பார்கள். வீடு வாடகைக்கு, கட்டில் விற்பனைக்கு, சான்றிதழ் தொலைந்துவிட்டது என்று உங்களையும் என்னையும் போன்றவர்கள் கொடுப்பதை வரி வரியாக எண்ணுவார்கள். அதனால் அந்தப் பெயர். விளம்புதல் என்றால் பலரறியச் சொல்லுதல். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதை நாலு வரிக்குள் சொல்லித் தொலை என்பதுதான் மொத்தத்தில் அதன் அர்த்தம். அரசாங்கத்துக்குக் கட்டுகிற வரியா என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்பார். கவுண்டரில் இருக்கும் கத்தரி அக்கா முகத்தில் சிரிப்பே காட்டாமல், "இல்லைங்க, அதைவிடக் கொஞ்சம் பரவாயில்ல" என்பார்.

கத்தரி என்பது நாங்கள் வைத்த பெயர். ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வருகிறவர்களை உட்காரவைத்து, நாலே வரியாக்கி அனுப்புவார். 'நல்ல காற்றோட்டமான' என்பதை அடித்துவிடுவார். காற்று எல்லா வீட்டுக்கும்தான் வருகிறது. 'அன்பான வேண்டுகோள்' போகும். எதை வெட்டினாலும் தொலைபேசி எண்ணை மட்டும் தொடமாட்டார். அதை ஒவ்வோர் இலக்கமாக இரண்டு முறை வாய்விட்டுப் படித்து, கொடுத்தவர் தலையாட்டிய பிறகுதான் முத்திரை குத்துவார். எண் தப்பானால் விளம்பரமே பாழ் என்பது அவர் கட்சி. எதிர் மேசையில் பிழை திருத்தும் எனக்கு இருபது வருடமாக அவர் குரல் கேட்டுப் பழகிவிட்டது.

அவருக்கு ஒரு தம்பி இருந்தான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள், வேலைக்குப் போகாமல் இப்படி உட்கார்ந்து தின்கிறாயே என்று அக்கா கேட்டிருக்கிறார். எந்த வீட்டில்தான் அதைக் கேட்கவில்லை? அவன் செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கிப் போனான், திரும்பவில்லை. அம்மா அப்பா இல்லாத வீடு. அவனை வளர்த்ததே அக்காதான்.

பத்திரிகையில் பத்தி கட்டும்போது அடியில் சிலநாள் இரண்டு வரி, நான்கு வரி இடம் மிஞ்சும். அதை அடைக்க ஏதாவது ஒன்றைத் தயாராக வைத்திருப்போம். அக்கா ஆசிரியரிடம் கெஞ்சி, அந்த இடத்தைத் தம்பிக்கு வாங்கிக்கொண்டார். 'காணவில்லை. வயது 19. மாநிறம். இடது புருவத்தில் தழும்பு. அக்காவுக்குக் கோபம் இல்லை. வீட்டுக்கு வா.' பிறகு எண். நான்கு வரி மிஞ்சினால் முழுசாக வரும். இரண்டு வரிதான் என்றால் தழும்பு போகும், கோபம் இல்லை என்பதும் போகும், எண் நிற்கும். அச்சுக்குப் போகும் பக்கத்தை நான்தான் படித்துக் கையெழுத்துப் போடுவேன். ஆனால் அந்த நான்கு வரியை நான் படித்ததில்லை. சுவர்க் கடிகாரத்தின் டிக்டிக்கை யார் கேட்கிறார்கள்? அவன் பன்னிரண்டு வருடமும் பத்தொன்பது வயதிலேயே இருந்தான்.

போன வருடம் கணினிகளை மாற்றினார்கள். பழைய கோப்புகளில் பாதி வரவில்லை, தம்பியும் வரவில்லை. அக்கா அலட்டிக்கொள்ளாமல் ஒரு புதுப் படிவத்தை எடுத்து, பழைய பேப்பர் ஒன்றை என்னிடம் நீட்டிப் படிக்கச் சொன்னார். படித்தேன். எண்ணுக்கு வந்ததும் அவர் வழக்கப்படியே ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் பேனா நான்காவது இலக்கத்தில் நின்றுவிட்டது.

"திரும்பப் படிங்க" என்றார்.

படித்தேன். அது அவர்களுடைய பழைய வாடகை வீட்டு எண். வீட்டுக்காரர் வீட்டை விற்றதும் அக்கா காலி செய்து, அந்த இணைப்பையும் ஒப்படைத்து ஆறு வருடமாகிறது. ஊரார் எண்ணையெல்லாம் இரண்டு முறை படித்தவர், தன் எண்ணை ஒரு முறையும் படிக்கவில்லை. நானும் படிக்கவில்லை.

அவர் கவுண்டர் போனிலேயே அந்த எண்ணை அழுத்தினார். ஒரு பெண் எடுத்தார். சத்தமாகப் பேசுகிறவர், எனக்கே கேட்டது. இந்த எண் தங்களுக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது என்றார். முன்பு இருந்தவர்களைக் கேட்டு யாராவது கூப்பிட்டார்களா என்று அக்கா விசாரித்தார்.

"வந்த புதுசுல ஒருத்தர் கூப்பிட்டாரும்மா. அக்கா இருக்காங்களான்னு கேட்டார். ராங் நம்பர்னு வெச்சுட்டேன். மறுநாளும் அதே ஆளு. நான் கொஞ்சம் திட்டிட்டேன்."

"குரல் எப்படி இருந்துச்சுங்க?"

"அதெல்லாம் யாருக்கும்மா ஞாபகம் இருக்கும்?"

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குறை சொல்ல வேண்டிய ஆள் கையில் சிவப்புப் பேனாவோடு அக்காவுக்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தான். தொலைபேசி அலுவலகத்துக்கு இரண்டு முறை நடந்தோம். அவ்வளவு பழைய அழைப்புக்கெல்லாம் பதிவு கிடையாது என்று கையை விரித்தார்கள்.

அன்று சாயங்காலமே அக்கா படிவத்தை முடித்தார். வயது 31. புது எண். இரண்டு முறை என்னைப் படிக்கச் சொல்லித் தலையாட்டினார். ஒன்பது மாதமாக, இடம் மிஞ்சும் நாளெல்லாம் அது வருகிறது. நான் ஒவ்வோர் இலக்கமாகப் படித்துத்தான் கையெழுத்துப் போடுகிறேன். ஒருவரும் கூப்பிடவில்லை. போன வாரம் வாய் சும்மா இருக்காமல், கட்டாயம் கூப்பிடுவான் அக்கா என்று சொல்லிவைத்தேன். அவர் முன்னால் இருந்த ஒருவருடைய கட்டில் விற்பனையில் இரண்டு சொற்களை அடித்துவிட்டு, தலை நிமிராமலே சொன்னார்:

"கோபம் இல்லன்னு போட்டதை நம்பித்தானே கூப்பிட்டான். திட்டுதான் கிடைச்சுது. இனிமே எதுக்கு நம்புவான்?"