மனைவி இத்தாலியன் பேசிய வீடு

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தீட்டுகிறவர் அவர். எந்தச் சட்டமானாலும் லென்ஸை மயிரிழை பிசகாமல் உட்கார வைத்துவிடுவார். மனசைத்தான் கொஞ்ச நாளாக ஓரிடத்தில் உட்கார வைக்க முடியவில்லை. காரணம், மனைவி.

கல்யாண உடை தைக்கும் கடையில் அவள் தலைமைத் தையல்காரி. துணியெல்லாம் இத்தாலியில் ஓர் ஆலையிலிருந்து வரும். ஆலையோடு பேசிக்கொண்டிருந்த மொழிபெயர்ப்பாளர் வேலையை விட்டுப் போனதும், "நானே பேசிக்கிறேன்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. கதவில் ‘போர்த்தா’ என்று ஒரு சீட்டு. முகம் பார்க்கும் கண்ணாடியில் ‘ஸ்பெக்கியோ’ என்று இன்னொன்று. இஸ்திரி போடும்போது இத்தாலிய வானொலி. பாத்திரம் கழுவிக்கொண்டே அன்றைக்கு நடந்ததையெல்லாம் அந்த மொழியில் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

அதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். ஆலையின் விற்பனைக்காரனோடு போனில் பேசும்போது விழுந்து விழுந்து சிரித்தாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. தான் சொன்ன எதற்காவது அவள் இப்படிச் சிரித்து எத்தனை காலம்!

"அப்படி என்னதான் பேசுறீங்க?"

"பட்டுக்குச் சாயம் சரியா ஏறலைங்க, அதைப் பத்தி."

"சாயத்துல என்ன சிரிப்பு?"

"சொன்னா உங்களுக்குப் புரியாது."

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. மறுநாளே காதில் இத்தாலியன் பாடத்தை மாட்டிக்கொண்டு வேலைக்கு உட்கார்ந்தார். இயந்திரம் இரைகிற தைரியத்தில் ஒவ்வொரு வாக்கியத்தையும் உரக்கத் திருப்பிச் சொன்னார். பல் தேய்க்கும்போது அவள் ஒட்டிய சீட்டுகளையே படித்தார். எதிரியின் பேச்சை ஒட்டுக்கேட்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம்.

ஒருநாள் சாயங்காலம் அவள் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். கை ஓயாததால் விற்பனைக்காரனின் போன் ஸ்பீக்கரில் இருந்தது. ‘மரீத்தோ’ என்றாள். கணவன்! அவர் காதைத் தீட்டிக்கொண்டார். அடுத்து ‘ஜெலோசோ’. பொறாமைக்காரன்! அந்தப் பக்கம் சிரிப்பு. இந்தப் பக்கமும் சிரிப்பு.

பாய்ந்து உள்ளே போனவர் கத்தினார்: "நோன் சோனோ ஜெலாத்தோ!"

போன் வெடித்துச் சிரித்தது. அவள் கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

"என்ன சிரிப்பு? நான் பொறாமைக்காரன் இல்லைன்னுதானே சொன்னேன்?"

"இல்லைங்க. நான் ஐஸ்கிரீம் இல்லைன்னு சொன்னீங்க."

அவருக்குக் காதெல்லாம் சிவந்தது. போனிலிருந்த குரல் நிதானமாக, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டது. கேள்வி புரிந்துவிட்டது! ‘ஒக்கியாலி’ என்றார். மூக்குக்கண்ணாடி. அந்த ஒரு சொல்லுக்கு மேல் ஓடவில்லை.

"எனக்குத் தெரியாம எப்பங்க படிச்சீங்க?" என்று அவள் அவரையே பார்த்தாள். அந்தப் பார்வைக்காக இன்னொரு மொழியும் படிக்கலாம் என்று தோன்றியது.

இப்போது சாப்பிடும் நேரத்தில் இருவரும் இத்தாலியன்தான் பேசுகிறார்கள். பொறாமை தீர்ந்ததா என்றால், எங்கே தீர்ந்தது? விற்பனைக்காரன்மேல் இருந்தது இப்போது மனைவியின் நாக்குமேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. அவர் ஒரு வினைச்சொல்லைத் தேடிப் பிடிப்பதற்குள் அவள் முழுக்கதையையும் சொல்லி முடித்து, கை கழுவ எழுந்துவிடுகிறாள்.