நனைந்த பாயின் அளவு

என் கையெழுத்து கோணல். நாலாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளவும்.

குளச்சல் கடற்கரையில் கட்டுமரப் பந்தயம் தொடங்கப்போகிறது. முன்பெல்லாம் பெரிய பாய் கட்டியவரே ஜெயித்தாராம். அதில் சண்டை வந்த பிறகு, முடிச்சுப் போட்ட ஒரே கயிற்றால் எல்லாப் பாய்களையும் அளக்கிறார்கள். நான் கருவாடு வாங்க வந்த பூதப்பாண்டிக்காரன். அங்கே யாருக்கும் சொந்தக்காரன் இல்லை என்பதால் கயிற்றின் நுனியை என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

மரியான் என்பவரின் பாய் முடிச்சை நாலு விரல் தாண்டுகிறது.

“கட்டுமரத்தைக் கரையிலே போடும் ஓய்!” என்று ஒருவர் சிரிக்கிறார்.

“கடல்ல இறங்கினா பாய் நனையும்லா? பின்ன எதுக்குலே காயவச்சு அளக்கிய?” என்கிறார் மரியான். பாயைக் கடலில் முக்கி எடுத்து வருகிறார். நனைந்த பருத்தித் துணி சுருங்கியிருக்கிறது.

“நீரு சொல்லும் அண்ணாச்சி,” என்கிறார் என்னிடம்.

எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் கயிற்றை இழுத்து மறுபடி அளக்கிறேன்.

“சரியா இருக்கு,” என்கிறேன் மெதுவாக.

பந்தயத்தில் மரியான்தான் முதலில் கரையேறுகிறார். அதற்குள் வெயிலில் பாய் பாதி காய்ந்துவிட்டது. தோற்றவர்கள் மறுபடி அளக்கக் கயிற்றோடு ஓடி வருகிறார்கள்.

“பொறு மக்கா,” என்று அவர் பாயின் மேல் ஒரு குடம் கடல்நீரை ஊற்றுகிறார். நான் நுனியைப் பிடித்துக்கொள்கிறேன்.

இதை எழுத உட்கார்ந்தது இரண்டு மாதம் கழித்து, 1953 சித்திரை 3.