விருந்தாளியாக வர மறுத்தவர்

ஏலப்பாறைக்கு மேலே ஒரு விவசாயக் கிராமத்து விடுதியில் தங்கியிருந்தேன். மலைச்சரிவில் சிரமமில்லாமல் நடந்து காட்சிகளைப் பார்க்கலாம் என்று விடுதியில் சொன்ன பாதையில் காலையில் கிளம்பினேன். நடுவழியில் புதிய இரும்புக் கதவு. பால் கேனுடன் விரைந்து வந்த பெண்ணை விடுதிக் காவலாளி மறித்தார்.

"கெஸ்ட்டுக்கு மட்டுந்தான்க்கா."

"ஏலே, இது எங்க ஊரு வழிலே. சுத்திப் போனா பால் வண்டி போயிரும்!"

"மொதலாளி சொல்லுதாரு, நான் என்ன செய்ய?"

நான் குறுக்கிட்டேன். "என் விருந்தாளின்னு நெனச்சு விடுங்க."

அந்தப் பெண் என்னை முறைத்தார். "எங்க பாதையில நான் உங்களுக்கு விருந்தாளியா சார்?"

கேனைத் தூக்கிக்கொண்டு சுற்றுவழியில் இறங்கினார். காவலாளி எனக்காகக் கதவைத் திறந்துவைத்தார். கீழே பால் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

ஊரார் நடந்து நடந்து உண்டான வழியை விடுதிக்காரர்கள் எனக்கு விற்றிருக்கிறார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.