கறுப்பு நூல் கட்டிய பாட்டில்

எங்கள் ஊரில் அம்மாவின் நாக்குக்கு ஒரு பதவி இருந்தது. புதுக் கிணறு வெட்டியவர்கள் முதல் வாளித் தண்ணீரைச் செம்பில் ஏந்திக்கொண்டு எங்கள் வாசலுக்கு வருவார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒரு மடக்குக் குடிப்பாள். தெரு காத்திருக்கும். தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்த நாக்கு. அது சொன்னால் சொன்னதுதான். மற்ற எந்த விஷயத்திலும் வீட்டில் அம்மாவை யாரும் ஒரு வார்த்தை கேட்டதாக எனக்கு நினைவில்லை.

தியாகராய நகர் ஜவுளிக்கடை ஒன்றில் அப்பாவுக்கு வேலை கிடைத்தபோது எனக்கு ஒன்பது வயது. சண்டைக் காலம். ஜப்பான்காரன் குண்டு விழும் என்று பட்டணத்தை விட்டு ஓடியவர்களில் பாதிப் பேர் இன்னும் திரும்பவில்லை. வீடு வாடகைக்கு என்று தெருவுக்குத் தெரு 'டு லெட்' பலகை தொங்கிற்று. சைதாப்பேட்டையில் அத்தை வீட்டில் வந்து இறங்கினோம். மாமா எங்களுக்காக இரண்டு வீடு பார்த்து வைத்திருந்தார். ஒன்று தியாகராய நகரில், கடைக்குப் பக்கம். மற்றது சாந்தோமில், கடலுக்குப் பக்கம். வாடகையில் வித்தியாசமில்லை.

அம்மாவுக்கு நிறைமாதம், பஸ் ஏற முடியாது. "நீங்க வீட்டப் பாருங்க, நான் தண்ணியப் பாக்கேன்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, இரண்டு காலி மருந்துப் பாட்டில்களை வெந்நீரில் கழுவினாள். ஒன்றின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டினாள், மற்றதில் கறுப்பு நூல். சிவப்பு தியாகராய நகர், கறுப்பு சாந்தோம். பாட்டில்கள் என் பொறுப்பு.

தியாகராய நகர் வீட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிணற்றில் எட்டிப் பார்த்தேன். என் முகம் தெரிந்தது, அவ்வளவுதான். சிவப்பு நூல் பாட்டிலை நிரப்பிக்கொண்டேன்.

சாந்தோம் வீட்டில் அப்பாவுக்கு முன்னால் மாடிக்கு ஓடினேன். அங்கே, தென்னைகளுக்கு மேலே, வானத்தின் அடியில் யாரோ மை தொட்டு இழுத்த கோடு மாதிரி, கடல். அதற்கு முன் நான் கடலைப் பார்த்ததில்லை. அது அசைகிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை. மூச்சு விட்டால் போய்விடுமோ என்று நின்றேன். இறங்கி வந்தபோது நான் ஏற்கெனவே அந்த வீட்டுக்காரி.

கிணற்றடியில் ஒரு அம்மாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் பாட்டிலில் தண்ணீர் நிரப்புவதை வேடிக்கை பார்த்தாள்.

"இன்னாத்துக்கு பாப்பா புட்ச்சிகினு போற? வாய்ல வெக்க முடியாது, உப்பு. இதுல பருப்பு கூட வேவாது."

அப்பா மாடியில் இருந்தார். அவர் காதில் விழவில்லை. நானும் சொல்லவில்லை.

சைதாப்பேட்டைக்குத் திரும்பிய பஸ், பெட்ரோல் பஞ்சத்தால் கரியில் ஓடுவது, பின்னால் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு இருமி இருமிப் போயிற்று. அப்பா வெற்றிலை மென்றபடியே தூங்கிவிட்டார். என் மடியில் இரண்டு பாட்டில்கள். கடலுக்கும் எனக்கும் நடுவில் நின்றது ஒரு சாண் நூல். பாதி வழி தாண்டுவதற்குள் இரண்டையும் அவிழ்த்து மாற்றிக் கட்டினேன். விரல் நடுங்கியதாக எழுத ஆசைதான். நடுங்கவில்லை.

அம்மா இரண்டையும் குடித்துப் பார்த்தாள். ஒன்றுக்கு முகத்தைச் சுளித்தாள். மற்றதற்குக் கண்ணைத் திறக்கவே நேரமாயிற்று.

"இதுல்லா தண்ணி. நம்ம ஊர்த் தண்ணி மாதிரியே இருக்கு." கழுத்தைப் பார்த்தாள். கறுப்பு நூல்.

அத்தை பட்டணம் வந்து இருபது வருஷம். பேச்சு முழுக்கச் சைதாப்பேட்டை ஆகிவிட்டிருந்தது. "இன்னாம்மா சொல்ற நீ? கடலாண்ட கீற கெணத்துல நல்ல தண்ணி எப்டி வரும்?"

"எனக்குத் தெரியும் மதினி" என்றாள் அம்மா. அவ்வளவு உரக்க அவள் பேசி நான் கேட்டதில்லை.

அப்பா சிரித்தார். "தண்ணி விஷயத்துல அவ தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது."

சாந்தோமுக்குக் குடிபோன அன்று அப்பாதான் முதல் வாளி இறைத்தார். அம்மா உள்ளங்கையில் ஏந்தி வாயில் வைத்தாள். விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. என்ன என்று கேட்டபடி அப்பா ஒரு கை அள்ளிக் குடித்து, உடனே துப்பினார்.

"இதையா நம்ம ஊர்த் தண்ணின்ன?"

"நான் அப்பவே சொல்லல?" என்றாள் கூட வந்திருந்த அத்தை.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நூலை மாற்றியதைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "வயித்துல பிள்ள இருக்குல்லா. நாக்கு மாறிப்போச்சு போலிருக்கு."

நான் மாடிக்குப் போய்க் கடலைப் பார்த்தேன்.

இரண்டு மாதத்தில் கடல் பழகிப்போயிற்று. அம்மா, பிறந்த தம்பியைத் தொட்டிலில் போட்டுவிட்டு, விடிவதற்கு முன்பே தெருக்குழாய்க்குக் குடத்தோடு போவாள். மூன்று வருஷம் போனாள். பிறகு ராஜா அண்ணாமலைபுரத்தில் வீடு பார்க்க அப்பா கிளம்பியபோது பாட்டில் எடுத்துப் போகவில்லை. அம்மாவும் நினைவுபடுத்தவில்லை. உண்மையைச் சொல்ல எனக்கு எத்தனையோ நாள் கிடைத்தது. அவளைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன நாள் வரை கிடைத்தது.

அந்த வீட்டில் முதல் வாரமே இன்னொன்றும் தொடங்கியிருந்தது. குழம்பு கொதிக்கும்போது அம்மா என்னைக் கூப்பிடுவாள். கரண்டியிலிருந்து ஒரு சொட்டு என் உள்ளங்கையில் விடுவாள்.

"ஏட்டி, உப்பு சரியா இருக்கா பாரு."

அதுவரை அவள் யாரையும் அப்படிக் கேட்டதில்லை. நான் அவளைப் போலவே கண்ணை மூடிக்கொண்டு நக்குவேன். ஒரு தெருவே காத்திருப்பதாக நினைத்துக்கொள்வேன். சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் சட்டியை இறக்குவாள். எனக்கும் வீட்டில் ஒரு பதவி கிடைத்துவிட்டதென்று தொட்டிலில் கிடந்த தம்பியிடம்கூடப் பெருமையடித்துக்கொண்டேன். அது யாருடைய பதவி என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.