எடைமேடைக் கம்ப்யூட்டரை அழித்து எழுதிய ஞாயிறு

எண்பதுகளின் கடைசியில், மலேசியாவில் கோலா சிலாங்கூருக்கு வெளியே இருந்த ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் நான் எடைமேடைக் கிராணி, அதாவது கணக்கெழுதுபவள். பழம் ஏற்றிய லோரி மேடையில் வந்து நின்றதும் அதன் நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டுவேன். எந்தத் தோட்டத்து லோரி என்று அது தேடிக் காட்டியதும் எடைச் சீட்டு அடித்துக் கொடுப்பேன். முதல் வருடம் தட்டியவுடன் காட்டியது. இரண்டாம் வருடம் ஒரு லோரிக்கு இரண்டு நிமிடம் பிடித்தது. வரிசை சாலைவரை நீண்டது.

"தங்கச்சி, பழம் வெயில்ல வேவுது. நீயே பொட்டிக்குள்ள பூந்து தேடிடலாம் போலருக்குலா," என்றார் ஒரு டிரைவர்.

பெரிய கிராணி பொறுமை இழந்துவிட்டார். "பழையபடி புக்குலயே எழுதிக்கலாம்மா. இத மூடி வை."

அந்த ஆலையில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டவள் நான் ஒருத்திதான். எனக்குச் சுருக்கென்றது. "ஞாயித்துக்கெழம ஆலை லீவுதானே ஐயா. அன்னிக்கு ஒரு நாள் எங்கிட்ட விடுங்க."

கம்ப்யூட்டரோடு வந்திருந்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். எழுதி அழித்து எழுதியதில் ஒரே பதிவு துண்டு துண்டாகி, டிஸ்கில் இடம் கிடைத்த மூலையிலெல்லாம் சிதறிக் கிடந்தது. அதைத் தேடிப் பொறுக்கத்தான் அவ்வளவு நேரம். எல்லாவற்றையும் பிளாப்பி வட்டுகளில் நகலெடுத்து, டிஸ்கைச் சுத்தமாகத் துடைத்து, வரிசையாகத் திரும்ப ஏற்ற வேண்டும்.

ஞாயிறு காலை முப்பத்தோரு பிளாப்பிகள் நிறைந்தன. அழிக்கலாமா என்று திரை கேட்டபோது விரல் தயங்கியது. அழுத்திவிட்டேன்.

திரும்ப ஏற்றும்போது பத்தொன்பதாவது பிளாப்பியைக் கம்ப்யூட்டர் படிக்கவில்லை. மூன்று முறை போட்டுப் பார்த்தேன். பத்து நாள் பதிவு அதில்தான் இருந்தது. பார்த்துவிட்டுப் போக வந்த பெரிய கிராணியிடம் மறைக்காமல் சொன்னேன்.

"இப்ப என்னாம்மா பண்றது?"

"சீட்டு நகல் பீரோவுல இருக்குல்ல ஐயா? பாத்து அடிச்சிடறேன்."

"நானூறு சீட்டு இருக்கும்மா!"

"இருக்கட்டும் ஐயா."

பெரிய கிராணி பீரோவைத் திறந்து கட்டுகளை எடுத்துவந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் வாசிக்க வாசிக்க நான் தட்டினேன். மதியச் சாப்பாடு இருவருக்கும் மறந்துபோனது. இருட்டுவதற்குள் முடித்துவிட்டோம்.

திங்கட்கிழமை முதல் லோரிக்கு நான்கு வினாடிதான் ஆனது. அடுத்த லோரியை மேடைக்குக் கைகாட்டி அழைத்தவர் பெரிய கிராணி. அதன்பின் சில மாதங்களுக்கு ஒருமுறை அந்த வேலையைச் செய்தேன். ஒவ்வொரு முறையும் இரண்டு செட் பிளாப்பி எடுத்துக்கொண்டேன்.