கோழிக்குஞ்சுப் பாட்டுக்கு அனுமதி

மிங்கச்செவிர் ஊரில் மெஹ்பாரா டீச்சரிடம் கோழிக்குஞ்சுப் பாட்டுப் படிக்காத பிள்ளை கிடையாது. பாலர் பள்ளிப் பியானோவில் அதை வாசித்து வாசித்து அவளுக்கே சலித்துவிட்டது. தூக்கத்தில் எழுப்பினாலும் விரல் தானாக ஓடும்.

அவள் கணவன் எல்மான் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சடைத்துச் செத்துப் போனான். அவளுக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றினாள், துக்கத்துக்கான அல்வாவைக் கிண்டினாள். கல்நெஞ்சக்காரி என்று கூடத்தில் முணுமுணுத்தார்கள். காதில் விழுந்தும் உறைக்கவில்லை.

சாவு வீட்டைச் சுற்றி நாற்பது நாள் பாட்டுச் சத்தம் கேட்கக்கூடாது. அக்கம்பக்கத்தில் டிவியைக்கூட அணைத்துவிட்டார்கள். மாடி வீட்டுக்காரர் மகள் கல்யாணத்துக்கு மேளம் வைக்க முறைப்படி அனுமதி கேட்டு வந்தார். நாத்தனார் வாலிதாதான் பதில் சொல்லி அனுப்பினாள். மெஹ்பாரா வாயே திறக்கவில்லை. அனுமதி கொடுத்தால் அவன் போய்விட்டதைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா?

அதே சமயம் அந்த அமைதி அவளை அரித்துத் தின்றது. எங்காவது கொஞ்சம் இரைச்சல் கேட்டால் போதும் என்றிருந்தது. நாற்பது கழியுமுன்பே வேலைக்குக் கிளம்பினாள். ஊர் என்ன சொல்லும் அண்ணி என்று வாலிதா வாசலை மறித்தாள். ஊர் கிடக்கிறது ஊர்! ஊரா இவளோடு அந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறது?

பியானோவைத் திறந்து பாட்டின் தொடக்கத்தை வாசித்தாள். ஒரு பிள்ளையும் பாடவில்லை. மறுபடி வாசித்தாள். எல்லாம் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றன. டீச்சர் எதிரில் பாட்டென்று மூச்சு விடக்கூடாதென அம்மாக்கள் மிரட்டி அனுப்பியிருந்தார்கள். நல்ல மரியாதை, போங்கள்!

மாடி வீட்டுக்காரரின் கடைக்குட்டி சிம்னாஸ் முன்னால் வந்தாள். ஐந்து வயசு. அன்றைக்கு அப்பாவோடு வந்து எல்லாவற்றையும் பார்த்தவள். அவரைப் போலவே கையைக் கட்டி, தலையைக் குனிந்துகொண்டாள்.

"எல்மான் மாமாவக் கடவுள் நல்லபடியா வச்சுக்கட்டும் டீச்சர். நீங்க சரின்னா நாங்க பாடுறோம். இல்லன்னா வேணாம்."

வாசலில் நின்ற தலைமையாசிரியை பதறிப்போய்க் குழந்தையை இழுக்க வந்தார். மெஹ்பாரா கையைக் காட்டி நிறுத்தினாள். பதில் சொல்ல இங்கே வாலிதா இல்லை.

"எல்மான் மாமா செத்துட்டாரும்மா," என்றாள். "இனிமே வரமாட்டாரு. நீங்க பாடுங்க."

பாடினார்கள், ஆளுக்கொரு சுருதியில், தொண்டை கிழிய. அவளுக்கு அப்போதும் அழுகை வரவில்லை. பாட்டு முடிந்தது. விரலை எடுக்கப் பயமாயிருந்தது. எடுத்தால் சத்தம் நின்றுவிடும். திரும்ப முதலிலிருந்து வாசித்தாள்.